சிகிச்சை இலவசம், வழிச்செலவு யாருடையது?

(நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மூன்று தொலைபேசி எண்களோடு தொடங்குகிறேன். முதல் எண் 108. அதைச் சின்னப் பிள்ளையும் சொல்லும். 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டுக்கு வந்தது. விபத்தோ, மாரடைப்போ, பாம்புக்கடியோ, பிரசவ வலியோ, கூப்பிட்டால் வண்டி வரும். இரண்டாவது எண் 102. அரசு மருத்துவமனையில் பிள்ளை பெற்ற தாயையும் சிசுவையும் வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடுகிற தாய் சேய் நல ஊர்தி. மூன்றாவது 155377. இது இலவச அமரர் ஊர்தி. அரசு மருத்துவமனையில் ஒருவர் இறந்துவிட்டால் உடலை அவருடைய ஊருக்குக் கொண்டுசேர்க்கும்.

உயிர் போகிற நிலை என்றால் வண்டி உண்டு. பிறந்த குழந்தைக்கு வண்டி உண்டு. இறந்தவருக்கும் வண்டி உண்டு. ஆனால் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோனவர் மாதாமாதம் செக்கப்புக்குப் போகவேண்டும். சிறுநீரகம் செயலிழந்தவர் வாரம் மூன்று தடவை டயாலிசிஸுக்குப் போகவேண்டும். சர்க்கரை நோயால் காலை எடுத்தவர் புண்ணுக்குக் கட்டு மாற்றப் போகவேண்டும். இவர்கள் எந்த எண்ணைக் கூப்பிடுவது? 108-ஐக் கூப்பிட்டால், 'அவசரம் இல்லையே அம்மா' என்று பணிவாகச் சொல்லி வைத்துவிடுவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. ஒரு செக்கப்புக்கு அந்த வண்டியை அனுப்பினால், அதே நேரத்தில் நெடுஞ்சாலையில் அடிபட்டுக் கிடப்பவருக்கு வண்டி இருக்காது.

நான்காவதாக ஒரு எண் நமக்கு வேண்டும். இன்று பேச வந்தது அதைப் பற்றித்தான்.

நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். மருத்துவமனையிலும் வேலை பார்த்தேன், பிறகு வீடு வீடாகவும் போனேன். எனக்குத் தெரிந்த மருத்துவம் கை, கால், இடுப்பு, தோள்பட்டை சம்பந்தப்பட்டது. அதனால் கொள்கை, திட்டம் என்று போவதற்கு முன்னால் உடம்பிலிருந்தே தொடங்குகிறேன்.

பக்கவாதம் வந்த ஒருவரை ஆட்டோவில் ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். வீட்டுத் திண்ணைவரை அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு பேர் தூக்கிவருவார்கள். ஆட்டோக்காரர் நல்ல மனிதர். இறங்கி உதவிக்கு வருவார். இரண்டு அக்குளிலும் கை கொடுத்து, 'எந்திரிங்கய்யா' என்று ஒரே தூக்காகத் தூக்குவார். அல்லது வெளியே ஒருவர் தள்ள, உள்ளே ஒருவர் கையைப் பிடித்து இழுப்பார். பெரும்பாலும் இழுபடுவது விழுந்துபோன கைதான், ஏனென்றால் நல்ல கை எதையாவது பற்றிக்கொண்டிருக்கும். தோள் மூட்டைத் தாங்கிப் பிடித்திருப்பது பெரும்பாலும் தசைதான். வாதத்தில் அந்தத் தசை தளர்ந்துபோனால் மூட்டு பாதி கழன்ற நிலையில் தொங்கும். அந்தக் கையை இழுத்தால் தோள் இறங்கிவிடும். பிறகு மாதக்கணக்கில் வலி, இரவில் தூக்கம் இல்லை, கையைத் தொட விடமாட்டார். உள்ளே நாங்கள் பத்து நாள் செய்த பயிற்சி மருத்துவமனை வாசலில் பத்து வினாடியில் பாழாகிப்போவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

சரியான முறை கடினமானதே இல்லை. ஒரு துண்டை அவர் இடுப்பில் சுற்றி, முறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் முதுகைக் காட்டி ஆட்டோ சீட்டின் விளிம்பில் உட்காரவையுங்கள். பிறகு காலைத் தூக்கி உள்ளே திருப்புங்கள். கையைத் தொடவே வேண்டாம். இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. நம் ஊர் ஆட்டோவுக்கு இடப்பக்கம் மட்டும்தான் வாசல். அப்படிப் பின்பக்கமாக உட்கார்ந்தால் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உள்ள கம்பி நோயாளியின் வலது கைக்குத்தான் வரும். இடது பக்கம் விழுந்தவருக்கு அது நல்ல பிடிமானம். வலது பக்கம் விழுந்தவருக்கு அந்தக் கம்பி இருந்தும் பயனில்லை. ஆக, ஒரே வண்டி, ஒரே வியாதி. எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து ஒருவர் ஏறிவிடுவார், மற்றவருக்கு இரண்டு ஆள் வேண்டும். வண்டி வடிவமைக்கிற எந்த நிறுவனமும் இதை நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

டயாலிசிஸ் நோயாளியின் பாடு வேறு விதம். அவருக்குக் கையும் காலும் நன்றாகவே இருக்கும். போகும்போது நடந்து போவார். நான்கு மணி நேரம் இயந்திரத்தில் கிடந்து எழுந்தபின் ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும், கண் இருட்டும், கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா என்ற ரத்தக்குழாய் இணைப்பு போட்ட கையில் பாரம் தூக்கக் கூடாது, அழுத்தம் படக் கூடாது, பி.பி. கூட அந்தக் கையில் பார்க்க மாட்டார்கள். மிச்சமுள்ள ஒரு கையில் ஃபைல், மருந்துப் பை, தண்ணீர் பாட்டில். அதே கையால்தான் டவுன் பஸ்ஸின் மேல் கம்பியையும் பிடிக்கவேண்டும். பிரேக் போட்டால் எந்தக் கை தானாக நீளும் என்று நினைக்கிறீர்கள்?

இனி காசுக் கணக்குக்கு வருவோம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் கட்டணமில்லாமல் கிடைக்கிறது. இந்தியாவின் பல மாநிலங்களில் குடும்பமே நிலத்தை விற்றுச் செய்கிற சிகிச்சை இது. அந்தப் பெருமையை நான் குறைக்கமாட்டேன். ஆனால் தாலுகா தலைமையிடத்திலிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு கிராமத்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டோ பேசினால் போக, வர, காத்திருக்க எல்லாம் சேர்த்துக் குறைந்தது எழுநூறு ரூபாய் கேட்பார்கள். வாரத்துக்கு மூன்று நடை. மாதத்துக்கு எட்டாயிரம் ரூபாயைத் தாண்டிவிடும். முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் ஏற்றப்பட்டபோது 1,200 ரூபாய் ஆனது. அந்தத் தொகை இந்த ஆட்டோவுக்கு ஒரு வாரம்கூட வராது. கூடவே ஒரு ஆள் போகவேண்டும். அவருக்கு அன்றைய கூலி போச்சு.

அப்போது என்ன நடக்கிறது? மூன்று நடை இரண்டாகும். மழை, திருவிழா, பஸ் ஸ்டிரைக் என்று வந்தால் ஒன்றாகும். உடம்பில் நீர் கோத்து, நுரையீரலில் இறங்கி, நடுராத்திரியில் மூச்சு முட்டும். அப்போது 108 வரும். ஆக்சிஜன், ஐ.சி.யூ., அவசர டயாலிசிஸ் எல்லாம் இலவசமாகவே நடக்கும். எழுநூறு ரூபாய் ஆட்டோவுக்கு வழியில்லாமல் போனதற்கு அரசு பல ஆயிரம் ரூபாய் செலவழிக்கிறது. இதை எந்தத் தணிக்கை அறிக்கையும் நட்டம் என்று எழுதாது, ஏனென்றால் ஏட்டில் எல்லாமே 'பயனாளிகள்' என்ற தலைப்பின் கீழ்தான் வரும்.

பயணச் செலவும் மருத்துவச் செலவே என்பது நம் நாட்டு அரசுகளுக்குத் தெரியாததல்ல. 2008-இல் மத்திய அரசு கொண்டுவந்த ராஷ்டிரிய ஸ்வாஸ்த்ய பீமா யோஜனா என்ற காப்பீட்டுத் திட்டத்தில், ஒரு தடவை மருத்துவமனையில் சேர்ந்தால் 100 ரூபாய், ஆண்டுக்கு அதிகபட்சம் 1,000 ரூபாய் என்று பயணப்படி வைத்திருந்தார்கள். தொகை சிறியது. ஆனாலும் அந்த வரி திட்ட விதிகளில் இருந்தது. பிறகு வந்த பெரிய திட்டங்களில் லட்சக்கணக்கில் காப்பீடு வந்தது, அந்த நூறு ரூபாய் காணாமல் போயிற்று.

'பஸ்தான் இலவசமாயிற்றே' என்று யாராவது கேட்கலாம். உண்மைதான். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மாற்றுத்திறனாளிக்கும் அவருடன் வரும் உதவியாளர் ஒருவருக்கும் அது உண்டு. திருநங்கையருக்கும் உண்டு. நான் பார்த்தவரை, ஏழைப் பெண்களின் நடமாட்டத்தை இவ்வளவு மாற்றிய இன்னொரு உத்தரவு அண்மையில் வரவில்லை. ஆனால் டிக்கெட் இலவசம் என்பது படியில் ஏற முடிந்தவருக்குத்தான். சாதாரணப் பேருந்தின் தரை, சாலையிலிருந்து 900 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். ஏறக்குறைய உங்கள் இடுப்பு உயரம். அதற்கு மூன்று படி. முதல் படியே முழங்காலுக்கு வரும். மூட்டு தேய்ந்த ஒரு பாட்டி அந்தப் படியில் காலை வைப்பதற்குள் கண்டக்டர் விசில் ஊதிவிடுகிறார்.

தாழ்தளப் பேருந்தில் தரை உயரம் 400 மில்லிமீட்டர். நிறுத்தத்தில் வண்டி ஒரு பக்கமாகக் கொஞ்சம் மண்டியிட்டுத் தாழும். பலகையை விரித்தால் வீல்சேர் உருண்டு ஏறிவிடும். இது தமிழ்நாட்டில் தானாக வந்ததில்லை. வைஷ்ணவி ஜெயக்குமார் போன்ற மாற்றுத்திறனாளி உரிமைச் செயற்பாட்டாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் வாதாடினார்கள். நம் சாலையில் வேகத்தடை அதிகம், தண்ணீர் தேங்கும், பேருந்தின் அடி தட்டும், விலையும் அதிகம் என்றெல்லாம் அரசுத் தரப்பு சொன்னது. கடைசியில் 2024 ஆகஸ்டில் சென்னையில் 58 தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. 2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து தாழ்தள மின்சாரப் பேருந்துகள் வந்தன. நல்லது. ஆனால் பேருந்து நடைபாதையை ஒட்டி நின்றால்தான் அந்தப் பலகைக்கு அர்த்தம். நிறுத்தத்தில் ஷேர் ஆட்டோ நிற்கும், பைக் நிற்கும், பூக்கடை இருக்கும். பேருந்து நடுச்சாலையில் நிற்கும். பலகையை நடுச்சாலையில் இறக்கினால் அது மலையேற்றம் மாதிரி செங்குத்தாக நிற்கும். வீல்சேரைத் தள்ளுகிறவர் மூச்சு வாங்குவார்.

சென்னை மெட்ரோ பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. 2015-இல் திறந்த நாளிலிருந்தே லிஃப்ட் இருக்கிறது, ரயிலும் நடைமேடையும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. ரயில்வேயும் நோயாளிகளை மறந்துவிடவில்லை. 2020 மார்ச்சில் மூத்த குடிமக்கள் சலுகையை நிறுத்தியபோதும், புற்றுநோயாளிகள், டயாலிசிஸ் நோயாளிகள், துணையில்லாமல் போக முடியாத மாற்றுத்திறனாளிகள் போன்றோருக்கான கட்டணச் சலுகை தொடர்ந்தது. வேலூருக்கும் அடையாறுக்கும் வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்குப் பெரிய உதவி. சிக்கல் ரயிலில் இல்லை. வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரைக்கும், ஸ்டேஷனிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் இருக்கிற அந்த நான்கைந்து கிலோமீட்டரில்தான் இருக்கிறது. கிராமத்துக்கு 1997 முதல் மினி பஸ் போகிறது. 2025-இல் புதிய மினி பஸ் திட்டமும் வந்திருக்கிறது. அதன் படியும் படிதான்.

இப்போது கொஞ்சம் சர்ச்சைக்குரிய இடத்துக்கு வருகிறேன். 'நோயாளி ஏன் போகவேண்டும், மருத்துவமே வீட்டுக்கு வருகிறதே' என்பார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. ரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரை மாத்திரை, வலிதணிப்புச் சிகிச்சை, என்னுடைய துறையான பிசியோதெரபி, வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்களுக்கான பைகள் எல்லாம் வீட்டுக்கே வருகின்றன. 2024-இல் ஐ.நா. அமைப்பின் விருதும் கிடைத்தது. அதற்குத் தகுதியான திட்டம்தான். அதில் வேலை செய்கிற பெண்களை எனக்குத் தெரியும். வெயிலில் தெருத்தெருவாக நடக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் வந்தது. முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் அரிசி வீட்டு வாசலுக்கே வருகிறது.

மாத்திரை வருகிறது, அரிசி வருகிறது. எனக்கு மகிழ்ச்சிதான். ஆனாலும் மனதில் ஒரு நெருடல் இருக்கிறது. எல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டால், அந்த மனிதர் வெளியே வரவேண்டிய காரணங்களையும் ஒவ்வொன்றாகக் குறைத்துவிடுகிறோமோ? ரேஷன் கடை வரிசை சுகமான இடம் இல்லை. ஆனால் பக்கத்துத் தெருக்காரி மகள் கல்யாணம் எப்போது என்று தெரிந்துகொள்ளும் இடம் அது. வீட்டிலேயே கிடப்பவரின் தசை கரைவதற்கு முன்பே அவர் பேச்சு குறைந்துவிடும். ஒரு அம்மாவிடம், 'பயிற்சி செய்து நடக்கத் தொடங்கினதும் முதலில் எங்கே போகணும்?' என்று கேட்டேன். ஆஸ்பத்திரி என்று அவர் சொல்லவில்லை. 'எங்க குலசாமி கோயிலுக்கு ஒரு தடவை போயிட்டு வந்துடணும் தம்பி' என்றார். பதினைந்து கிலோமீட்டர் தூரம். அந்தப் பயணத்துக்கு எந்தத் துறையிடம் மனு கொடுப்பது? சுகாதாரத் துறை தன் வேலை இல்லை என்னும். போக்குவரத்துத் துறை பஸ் விட்டிருக்கிறோம் என்னும். மாற்றுத்திறனாளிகள் நலத்துறை அடையாள அட்டை இருக்கிறதா என்று கேட்கும்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்துவிடுவோம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. அதன் 41-ஆவது பிரிவு போக்குவரத்து பற்றியது. பேருந்து நிலையம், ரயில் நிலையம், சாலை, வண்டி எல்லாம் அணுகும்படி இருக்கவேண்டும் என்று முதல் பகுதி சொல்கிறது. இரண்டாம் பகுதியைத்தான் பலர் படிப்பதில்லை. கட்டுப்படியாகும் செலவில் ஒருவர் நடமாடுவதற்கு வேண்டிய திட்டங்களை அரசு வகுக்கவேண்டும். சலுகைகள், வண்டியில் செய்யவேண்டிய மாற்றங்கள், இவற்றோடு ஆள் துணையும் அதில் அடக்கம் என்று அது சொல்கிறது. ஆள் துணை என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் ஏறக்குறைய 11.8 லட்சம் பேர். அட்டை வாங்காத முதியவர்கள், மூட்டுவலிக்காரர்கள், ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் வாக்கரில் நடப்பவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அவர்களுக்கும் படி ஏற முடியாது.

வண்டிக்கும் விதி இருக்கிறது. இந்தியாவில் ஆம்புலன்ஸ் தயாரிப்புக்கு ஏ.ஐ.எஸ். 125 என்று ஒரு தரநிர்ணயம் உண்டு. அது ஆம்புலன்ஸை நான்கு வகையாகப் பிரிக்கிறது. இரண்டாவது வகை நோயாளிப் போக்குவரத்து வண்டி. வழியில் உயிருக்கு ஆபத்து வரும் என்று எதிர்பார்க்கத் தேவையில்லாத நோயாளிகளுக்கானது. ஆக, வண்டியின் வரைபடம்வரை நம் நாட்டில் தயார். பேருக்குச் சில இடங்களில் அறக்கட்டளைகளும் தனியார் மருத்துவமனைகளும் இப்படி வண்டி விடுகின்றன. மாநிலம் முழுவதற்கும் பொதுவாக, முன்பதிவு செய்தால் ஏழைக்கும் வருகிற மாதிரி இல்லை.

முடியாத காரியமா என்றால், நாம் செய்து பார்த்திருக்கிறோம். 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலை. 108 வண்டிகள் மருத்துவமனை வாசலில் மணிக்கணக்கில் வரிசையில் நின்றன. அப்போது சென்னை மாநகராட்சி இருநூறுக்கும் மேற்பட்ட கார்களைச் சிறிய ஆம்புலன்ஸாக மாற்றி, மூச்சுத்திணறல் இல்லாத நோயாளிகளைப் பரிசோதனை மையத்துக்கு அழைத்துப்போக வைத்தது. அவசர வண்டி அவசரத்துக்கு, மற்றவருக்கு வேறு வண்டி என்று சில நாட்களில் பிரித்துக் காட்டினார்கள். அலை ஓய்ந்ததும் கார்கள் போய்விட்டன.

தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டுப்போட வரமுடியாத மாற்றுத்திறனாளிக்கும் முதியவருக்கும் வண்டி அனுப்பவும், சாவடியில் வீல்சேரும் தள்ள ஒரு தன்னார்வலரும் வைக்கவும் தேர்தல் ஆணையம் ஏற்பாடு செய்கிறது. ஐந்து வருடத்தில் ஓரிரு நாள் செய்ய முடிகிற காரியம். பள்ளிக் கல்வியிலும் இருக்கிறது. மாற்றுத்திறன் கொண்ட குழந்தை பள்ளிக்கு வர, துணைக்கு வருகிறவருக்கும் வண்டிக்கும் ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் படி தருகிறார்கள். குழந்தைக்குத் துணைப்படி உண்டு என்று ஏற்றுக்கொண்ட அரசு, அதே குழந்தை பதினெட்டு வயதைத் தாண்டியதும் அதை மறந்துவிடுகிறது. உலக வங்கி நிதியோடு நடக்கிற 'உரிமைகள்' திட்டத்தில் 'விழுதுகள்' மையங்களும், சிகிச்சைக் கருவிகளோடு ஊருக்கு வருகிற வண்டிகளும் வந்திருக்கின்றன. சரியான திசையில் வைத்த அடி என்று சொல்வேன்.

வெளியூர் அனுபவம் இரண்டு சொல்கிறேன். இங்கிலாந்தில் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்., அவசரமில்லாத நோயாளிகளுக்கென்றே தனி வண்டி நடத்துகிறது. ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட பயணங்கள். யாருக்கு வண்டி, யாருக்கு இல்லை என்று ஊருக்கு ஊர் ஒரு விதி இருந்தது. 2021-இல் அதை ஆராய்ந்து, மருத்துவமனைக்கு வந்து டயாலிசிஸ் செய்துகொள்ளும் எல்லோருக்கும் வண்டியோ செலவுத்தொகையோ உண்டு என்று முடிவுசெய்தார்கள். அங்கேயும் குறை உண்டு. சிகிச்சை முடிந்தபின் திரும்பும் வண்டிக்காக மணிக்கணக்கில் காத்துக்கிடப்பதாகப் பலர் புலம்புகிறார்கள். வண்டி வாங்குவது எளிது, அதை நேரத்துக்கு ஓட்டுவதுதான் கடினம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இன்னொன்று பக்கத்தில், கேரளத்தில். 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் வலிதணிப்புச் சிகிச்சைக்கென்று ஒரு சிறிய அமைப்பைத் தொடங்கினார்கள். ஆளுக்குக் கொஞ்சம் நேரம், ஆளுக்குக் கொஞ்சம் பணம் என்று ஊர்க்காரர்கள் சேர்ந்தார்கள். 2008-இல் கேரள அரசு இதற்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. ஊராட்சிகள் நிதி ஒதுக்கின. நர்ஸை ஏற்றிக்கொண்டு ஒரு வாடகை ஜீப் வீடு வீடாகப் போகிறது. என்னைக் கவர்ந்தது ஜீப் இல்லை, அதன் முன் சீட்டில் உட்கார்ந்திருக்கிற ஊர்க்காரர். எந்தச் சந்தில் வண்டி திரும்பும், எந்த வீட்டில் நாய் இருக்கிறது, எந்த வீட்டில் தூக்க ஆள் இல்லை என்று அவருக்குத் தெரியும். சென்னையிலிருந்து நடத்துகிற எந்தக் கால் சென்டருக்கும் அது தெரியாது.

நம் ஊரில் அப்படிப்பட்ட ஆட்கள் இல்லையா? தென்காசி பக்கம் ஆய்க்குடியில் 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். கடற்படைத் தேர்வின்போது அடிபட்டுத் தண்டுவடம் முறிந்தது. அவர் தொடங்கிய நிறுவனத்தின் பணியாளர்கள் இன்று கிராமத்துக் குழந்தைகளின் வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுக்கிறார்கள். வெளியே போக முடியாத நிலை என்னவென்று உடம்பால் தெரிந்தவர் உருவாக்கிய அமைப்பு அது.

சரி, நான் என்ன கேட்கிறேன்? வட்டத்துக்கு நூறு ஆம்புலன்ஸ் கேட்கவில்லை. ஏற்கெனவே ஊரில் ஓடுகிற ஆட்டோவையும் வேனையும் கேட்கிறேன். டயாலிசிஸ் நடக்கிற ஒவ்வொரு மருத்துவமனையும் தன் நோயாளிகள் எந்தெந்த ஊரிலிருந்து வருகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதினால் போதும். ஒரே சாலையில் நான்கு பேர் இருப்பார்கள். இப்போது ஒருவருக்குத் திங்கள் காலை, இன்னொருவருக்குச் செவ்வாய் மாலை என்று சிதறிக் கிடக்கும். அந்த நான்கு பேரையும் ஒரே நாள், ஒரே நேரத்துக்கு மாற்றினால் ஒரு வேன் போதும். தலைக்கு ஆகும் செலவு கால்வாசியாகிவிடும். இதற்கு அரசாணை வேண்டாம். பதிவேட்டை வைத்திருக்கும் நர்ஸுக்கும் ஒரு பென்சிலுக்கும் அரை மணி நேரம் வேண்டும். எலும்பு முறிவுக்கும் நரம்புக்கும் பிசியோதெரபிக்கும் தனித்தனி நாளில் ரிவ்யூ எழுதாமல் ஒரே நாளில் எழுதினால், மூன்று பயணம் ஒன்றாகும். நம் அரசு மருத்துவமனைகளில் இது ஏன் நடப்பதில்லை என்றால், பயணம் நோயாளியின் சொந்த விஷயம் என்று எல்லாத் துறையும் நினைக்கிறது.

அடுத்தது ஓட்டுநர்கள். ஒவ்வொரு மருத்துவமனை வாசலிலும் ஆட்டோ ஸ்டாண்ட் இருக்கிறது. அங்கே இருக்கிறவர்களுக்கு, இடுப்பில் துண்டைச் சுற்றி எப்படி ஏற்றுவது, விழுந்த கையை ஏன் இழுக்கக்கூடாது, வீல்சேர் பிரேக் எங்கே, டயாலிசிஸ் கையை எப்படி அடையாளம் காண்பது என்று ஒரு மதியம் சொல்லிக்கொடுக்க முடியும். என் அனுபவத்தில் அவர்கள் ஆர்வமாகக் கற்றுக்கொள்வார்கள். அப்பா, அம்மா என்று அவர்கள் வீட்டிலும் ஒருவர் படுத்திருப்பார். கற்றுக்கொண்டவர் வண்டியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டலாம். அவருக்கு நோயாளி மூலமாக இல்லாமல், காப்பீட்டுத் திட்டத்திலிருந்து நேரடியாகக் கட்டணம் போகவேண்டும். அங்கேதான் அரசு வரவேண்டும். சிகிச்சைக்குத் தருகிற தொகுப்புத் தொகையில் பயணத்துக்கென்று ஒரு பகுதி. டயாலிசிஸிலிருந்து தொடங்கட்டும். கணக்கு தெளிவாக இருக்கும், மோசடி செய்வதும் கடினம், ஏனென்றால் அந்த நோயாளி வந்தாரா இல்லையா என்பது இயந்திரத்தின் பதிவிலேயே இருக்கிறது.

குலசாமி கோயிலுக்கும் வண்டி வேண்டுமா என்று சிரிக்கலாம். வேண்டும் என்றே சொல்வேன். மாதத்துக்கு ஒரு நாள், ஒரு வேன், ஊர்ச் செலவில். பள்ளி வேன்கள் ஞாயிற்றுக்கிழமை சும்மாதான் நிற்கின்றன. தாளாளர்களிடம் கேட்டுப் பாருங்கள். எல்லோரும் மறுத்துவிட மாட்டார்கள்.

இங்கே வந்திருக்கும் மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டிஸ்சார்ஜ் சீட்டில் அடுத்த ரிவ்யூ தேதியை எழுதும்போது, 'எப்படி வருவீர்கள்?' என்று கேட்டு, பதிலையும் அதே சீட்டில் எழுதுங்கள். 'ஆட்டோ, இருபது கிலோமீட்டர், இரண்டு பேர் தூக்கவேண்டும்' என்று ஆயிரம் சீட்டில் எழுதியிருந்தால், அதைக் காட்டி யாரிடமும் பணம் கேட்கலாம். இன்று நம்மிடம் அந்தக் கணக்கு இல்லை.

மற்றவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதற்கு முந்தைய வாரம் உங்கள் தெருவில் வெளியே போக முடியாமல் இருப்பவர்கள் யார், அவர்கள் மாதத்துக்கு எத்தனை தடவை எங்கே போகவேண்டியிருக்கிறது என்று ஒரு பட்டியல் எடுங்கள். அந்தப் பட்டியலோடு போய், நோயாளிகளுக்கு வண்டி வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். பட்டியலில் இருப்பவர்களால் சபைக்கு வர முடியாது. அவர்களுக்காக நீங்கள்தான் கை தூக்கவேண்டும்.